டெமோவில் எம்பி3 ஊமையாயிடுச்சு: பிளேயர் எதுவும் ஏத்தாம சத்தம் வரவைக்க என்ன வழி?

எல்லைக்கோடு · வியாழன், இரவு 9.12

வணக்கமுங்க. இன்னைக்கு மானம் போச்சு. அதை மொதல்ல சொல்லித் தீர்த்துட்டு அப்பறம் கேள்விக்கு வரேன்.

நான் கொழிஞ்சாம்பாறை பக்கம். பகல்ல பொள்ளாச்சில ஒரு கடைக்குக் கணக்கு சாப்ட்வேர் பாக்கறேன். ராத்திரில சொந்தமா ஒண்ணு எழுதிட்டிருக்கேன். எங்க சித்தூர் தாலூக்கால தமிழ் மீடியம் படிக்கற குழந்தைக இருக்காங்க. வீட்ல தமிழ், பஸ் போர்டு மலையாளம். மலையாளத்துல ‘க’வுக்கு நாலு எழுத்து, நமக்கு ஒண்ணே ஒண்ணு. ‘காகம்’னு எழுதினா மொத ‘கா’ ஒரு மாதிரி, ரெண்டாவது ‘க’ வேற மாதிரி. இது எழுத்தைப் பாத்தா தெரியாது, காதால கேட்டாத்தான் பழகும். அதுக்குத்தான் இந்த சாப்ட்வேர். படத்தைத் தொட்டா சொல்லைச் சொல்லும். 600 சொல், ஒவ்வொண்ணும் 2 விநாடி. அது போக கதைக ஒரு 2 மணி நேரம். குரல் எங்க அக்கா.

இன்னைக்கு ஒரு பள்ளிக்கூடத்து லேப்ல டெமோ. எச்.எம்., நாலு டீச்சருக, மூணாம் வகுப்புப் பிள்ளைக முப்பது பேரு. அணில் படம் வந்துச்சு. தொட்டேன். சத்தமில்லை. மறுபடியும் தொட்டேன். ஒண்ணுமில்லை. வேற வழியில்லாம நானே ‘அணில்’னு சொன்னேன். ஆமை வந்துச்சு, அதையும் நானே சொன்னேன். முன்வரிசைல ஒரு புள்ளை, “அண்ணா, நீங்களே சொல்றதுக்கு எதுக்கு கம்ப்யூட்டர்?”ன்னு கேட்டுச்சு.

வீட்டுக்கு வந்து பாத்தா தப்பு என்மேலதான். பைத்தான்ல எழுதினது. எம்பி3 வாசிக்கறதுக்கு என் மெஷின்ல எப்பவோ போட்டு வெச்ச ஒரு கமாண்ட்லைன் பிளேயரை வெளியிலிருந்து கூப்பிட்டிருக்கேன். லேப்ல எல்லாம் லினக்ஸ், அந்தப் பிளேயர் அதுல இல்லை. லேப்பைப் பாத்துக்கற எஸ்ஐடிசி டீச்சர் அட்மின் பாஸ்வேர்ட் குடுக்க மாட்டேன்னுட்டாங்க. அவங்களைத் தப்பு சொல்ல முடியாது, நாளைக்கு வேற ஒருத்தன் வந்து வேற ஒண்ணை ஏத்துவான்.

கேள்வி இதான்: எதிராளி மெஷின்ல ஒண்ணுமே நிறுவாம, சுருக்கின ஒலியை வாசிக்க என்ன வழி? லினக்ஸ்லயும் ஓடணும், கோயமுத்தூர் பக்கத்து டியூஷன் சென்டர்ல விண்டோஸ்லயும் ஓடணும்.

---

பழைய_டெல்பி · வியாழன், இரவு 9.50

தம்பி, எதற்கு எம்பி3? சுருக்காத வேவ் கோப்பாகவே வைத்துக்கொண்டால் இந்த வம்பே இல்லையே. வாசிப்பதற்கு விண்டோஸில் பிளேசவுண்ட், லினக்ஸில் ஏபிளே. இரண்டும் கூடவே வருபவை.

‘வேவ் பெரிசு’ என்று சொல்லப்போகிறாய். எவ்வளவு பெரிசு என்று கணக்குப் போட்டாயா? சிடி தரத்தில் வைத்தால் விநாடிக்கு 44,100 மாதிரி (சாம்பிள்), மாதிரிக்கு 2 பைட், இரண்டு சேனல். ஆக விநாடிக்கு 1,76,400 பைட், நிமிடத்துக்கு 10.5 எம்பிக்கு மேல். ஆனால் உன் அக்கா ஒருத்தர் பேசுவதற்கு எதற்கு ஸ்டீரியோ? மோனோ போடு. பேச்சுக்கு 22,050 மாதிரி தாராளம். நான்கில் ஒரு பங்காகிவிடும், நிமிடத்துக்கு 2.6 எம்பி. உன் 600 சொல்லும் 20 நிமிடம்தான், 53 எம்பிக்குள் அடங்கிவிடும். சுருக்கவே வேண்டாம்.

---

எல்லைக்கோடு · வியாழன், இரவு 10.05

சொல்லுக்குச் சரிங்க. கதையைச் சேத்தா 140 நிமிஷம் ஆயிடுது. மோனோலயே 370 எம்பி. 18 மெஷின், எங்கிட்ட இருக்கறது ஊர்ந்து போற பென்டிரைவ் ரெண்டு. டீச்சருக வேற, “போன்ல அனுப்புங்க, வீட்லயும் போட்டுப் பாக்கறோம்”ங்கறாங்க.

மோனோ விஷயம் எனக்குத் தோணவே இல்லைங்க. இத்தனை நாளா ஒரே குரலை ரெண்டு தடவை சேமிச்சு வெச்சிருந்திருக்கேன் 🤦

---

பழைய_டெல்பி · வியாழன், இரவு 10.40

சரி, கதை இருக்கிறதென்றால் வேறு பேச்சு.

வேவ் என்பது ஒரு பெட்டி மட்டும்தான். உள்ளே சுருக்காத ஒலிதான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. பெட்டியின் தலைப்பில் ஓர் எண் இருக்கும்: 1 என்றால் சுருக்காதது, 2 என்றால் மைக்ரோசாஃப்ட் ஏடிபிசிஎம் என்ற சுருக்கும் முறை. ஏடிபிசிஎம்மில் ஒரு மாதிரிக்கு 16 பிட்டுக்குப் பதில் 4 பிட், அதாவது கால் பங்கு. உன் 370 எம்பி ஏறக்குறைய 93 ஆகும். பின்னணியில் லேசாக ஓர் இரைச்சல் கேட்கும், வகுப்பறை ஸ்பீக்கரில் யாருக்கும் தெரியாது.

இதைவிடக் கில்லாடி வேலை ஒன்று உண்டு. ஹெக்ஸில் (பதினாறு அடி எண்முறையில்) 55 என்று தலைப்பு போட்டால், உள்ளே இருப்பது எம்பி3 என்று பொருள். பெயர் வேவ், வயிற்றுக்குள் எம்பி3. விண்டோஸோடு வந்த கோடெக் (சுருக்கியதைப் பிரிக்கிற பாகம்) அதைப் பிரித்துக் கொடுத்துவிடும், பிளேசவுண்டுக்கே தெரியாமல். அந்தக் காலத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு சிடியில் டெமோ செய்தேன். பின்னணியில் நாதஸ்வரம். கடைக்காரர் கணினியில் எந்தப் பிளேயரும் கிடையாது. இப்படித்தான் ஊதவைத்தேன். அவர் முதலில் கேட்டது, “நாயனத்தை எப்படி நிறுத்துவது?”

இன்னொரு வழி எம்சிஐ. விண்டோஸின் வின்எம்எம் நூலகத்தில் ஏற்கனவே இருப்பது. ‘இந்தக் கோப்பைத் திற, இந்தப் பெயரில் கூப்பிடுவேன்’ என்று ஒரு சரம், ‘வாசி’ என்று இன்னொரு சரம். பைத்தானிலிருந்து சிடைப்ஸ் என்ற இணைப்பு நூலகம் வழியாகக் கூப்பிடலாம். கோப்புப் பாதையில் இடைவெளி இருந்தால் மேற்கோளுக்குள் போட வேண்டும். தமிழில் பெயர் வைத்திருந்தால் யூனிகோட் வடிவத்தைத்தான் கூப்பிட வேண்டும், இல்லையேல் கோப்பே இல்லை என்று சாதிக்கும். ஐரோப்பாவுக்கென வந்த ‘என்’ பதிப்பு விண்டோஸில் மட்டும் இது ஓடாது, அதில் மீடியா பாகங்களையே கழற்றிவிட்டார்கள்.

இதெல்லாம் விண்டோஸ் பக்கம்தான். லினக்ஸ் பிள்ளைகள்தான் வந்து சொல்ல வேண்டும். நான் செங்கோட்டைக்காரன். எங்கள் ஊரே 1956 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்துவிட்டு இந்தப் பக்கம் வந்தது. ஆனால் நான் இன்னும் விண்டோஸிலிருந்து அந்தப் பக்கம் போகவில்லை.

---

64கே_பைத்தியம் · வியாழன், இரவு 11.31

தலைப்பில் டெமோ என்று பார்த்ததும் செருப்பு கூடப் போடாமல் ஓடி வந்தேன். வந்து பார்த்தால் பள்ளிக்கூட டெமோ 😄

எங்கள் உலகத்து டெமோவே வேறு, அது ஒரு போட்டி. 64 கேபிக்குள் படம், நிரல், இசை எல்லாம் அடங்க வேண்டும். அதில் எம்பி3க்கு ஏது இடம்? 64 கேபிஎஸ்ஸில் (விநாடிக்கு 64 கிலோபிட்) வைத்தால் 8 விநாடியில் கோட்டா காலி. அதனால் ஒலியைச் சேமிக்கவே மாட்டார்கள். எந்தச் சுரம், எப்போது, என்ன வாத்தியம் என்ற குறிப்பு மட்டும் இருக்கும். ஓடும்போது சின்னதாக ஒரு சிந்தசைசர் அதை வாசித்துக்காட்டும். 2000இல் ஃபார்ப்ராஷ் குழு வெளியிட்ட ‘தி பிராடக்ட்’ 64 கேபிதான், பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். ஆனால் அக்கா குரலை அப்படி இசைக்குறிப்பாக எழுத முடியாது, தெரிகிறது.

பயன்படுகிற மாதிரி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். வெளிப் பிளேயரைக் கூப்பிடாதீர்கள். டீகோடரை (சுருக்கியதைப் பிரிக்கிற நிரலை) உங்கள் நிரலின் வயிற்றிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மினிஎம்பி3 என்று ஒன்று இருக்கிறது, ஒரே ஒரு சி தலைப்புக் கோப்பு, பொதுச்சொத்து. எம்பி3 போலவே இன்னொரு சுருக்க வடிவமான ஆக் வோர்பிஸுக்கு எஸ்டிபி வோர்பிஸ், அதுவும் ஒரே கோப்பு. மினிஆடியோவில் எம்பி3, ஃபிளாக், வேவ் மூன்றையும் பிரிக்கிற வேலையும், ஸ்பீக்கருக்கு அனுப்புகிற வேலையும் சேர்ந்தே இருக்கின்றன. விண்டோஸா, லினக்ஸா என்று ஓடும்போது அதுவே பார்த்துக்கொள்ளும். பைத்தானிலிருந்தும் கூப்பிடலாம். பைத்தான் நிரலைத் தேவையானவற்றோடு மூட்டை கட்டுகிற பைஇன்ஸ்டாலரில் கட்டி ஒரு ஃபோல்டராகக் கொடுத்தால் யாரிடமும் பாஸ்வேர்ட் கேட்க வேண்டியதில்லை.

---

குப்பம்_தம்பி · வெள்ளி, காலை 7.20

அண்ணா, பைஇன்ஸ்டாலர் யோசனை நல்லாருக்கு, ஆனா லினக்ஸ்ல ஒரு குழி இருக்கு. புது உபுண்டுல கட்டினது பழைய உபுண்டுல ஓடாது. ஜிலிப்சி (லினக்ஸோட அடிப்படை நூலகம்) பதிப்பு பத்தலைன்னு ஒரு வரி சொல்லிட்டு செத்துப்போயிடும். அந்த வரியும் டெர்மினல்ல திறந்தாத்தான் தெரியும். ஐகானை டபுள்கிளிக் பண்ணா ஒண்ணுமே நடக்காது. லேப் மெஷின் எது ரொம்ப பழசோ, அந்த மாதிரி ஒண்ணுல உக்காந்துதான் கட்டணும்.

நான் வேற வழி சொல்றேன். எல்லா மெஷின்லயும் ஏற்கனவே ஒரு பிளேயர் இருக்கு, அதுக்குப் பேரு பிரவுசர். மொத்தத்தையும் எச்டிஎம்எல் பக்கமா எழுதிடுங்க. ஆடியோ டேக் ஒண்ணு, அதுக்குள்ள சோர்ஸ் (ஒலிக்கோப்போட பாதை) ரெண்டு. மொதல் சோர்ஸ் பிடிக்கலைன்னா பிரவுசர் தானா ரெண்டாவதுக்குப் போயிடும். நெட் வேண்டாம், சர்வர் வேண்டாம், பென்டிரைவ்லேர்ந்தே டபுள்கிளிக்.

ரெண்டு விஷயத்துல கவனம். ஒண்ணு, ஜாவாஸ்கிரிப்ட்ல ஃபெட்ச் பண்ணி ஒலியை இழுக்காதீங்க. லோக்கல் கோப்பா திறந்த பக்கத்துல பிரவுசர் அதை விடாது. ஆடியோ டேக்ல நேரா பாதையைக் குடுத்தா ஓடும். ரெண்டாவது, பக்கம் திறந்தவுடனே தானா வாசிக்கணும்னு நெனைக்காதீங்க. குரோம் 2018 ஏப்ரல்ல வந்த 66ஆம் பதிப்புலேர்ந்து, ஆள் ஒரு தடவை தொடாம சத்தம் விடாது. ஃபயர்ஃபாக்ஸும் அடுத்த வருஷம் அதையே பண்ணுச்சு, அதுவும் 66ஆம் பதிப்புலதான், என்ன ராசியோ. பெருசா ‘தொடங்கு’ன்னு ஒரு பட்டன் வெச்சிடுங்க, பிரச்சினை முடிஞ்சது.

நான் இருக்கறது ஆந்திரா, கர்நாடகா, தமிழ்நாடு மூணும் முட்டிக்கற எடம். எங்க ஆபீஸ்ல ஒரே டெமோவை மூணு பாஷைல ஓட்டிக் காட்டறோம், எல்லாம் இப்படித்தான்.

---

64கே_பைத்தியம் · வெள்ளி, காலை 8.02

ஒரு ‘அணில்’ சொல்வதற்குப் பிரவுசர் முழுசையும் எழுப்புவதா? அந்த லேப்டாப்பில் 2 ஜிபி ராம் இருந்தால் அதிசயம். மினிஎம்பி3 சில கிலோபைட்டில் முடிகிற வேலை.

---

குப்பம்_தம்பி · வெள்ளி, காலை 8.15

பிரவுசரை நாம எழுப்பலைண்ணா, அது எப்பவும் முழிச்சுட்டுத்தான் இருக்கு. டீச்சர் மெஷின் போட்டவுடனே மொதல்ல திறக்கறதே அதைத்தான். உங்க சி நிரல்ல நாளைக்கு ஒரு படம் மாத்தணும்னா யாரு மாத்துவா? எச்டிஎம்எல்னா டீச்சரே போட்டோவை அதே பேர்ல ஃபோல்டர்ல போட்டா போதும்.

---

வாளையார்_வரிசை · வெள்ளி, காலை 10.44

நடுவுல ஒரு சின்ன சந்தேகம். எம்பி3க்கு லைசென்ஸ் கட்டணும்னு படிச்ச ஞாபகம். காசுக்கு வித்தா மாட்டிக்குவோமா?

---

பழைய_டெல்பி · வெள்ளி, காலை 11.10

அது பழைய கதை. காப்புரிமைகள் காலாவதியாகி, ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் தன் உரிமத் திட்டத்தை 2017 ஏப்ரலில் மூடிவிட்டது. இப்போது யாருக்கும் கட்ட வேண்டியதில்லை. பல லினக்ஸ் வெளியீடுகள் அதுவரை எம்பி3 கோடெக்கைக் கூடவே தராமல் தனியாக ஏற்றிக்கொள்ளச் சொன்னதற்குக் காரணமே இதுதான். ஆக் வோர்பிஸ் பிறந்ததும் இந்தத் தொல்லையால்தான்.

---

தேயிலைக்காட்டு_டீச்சர் · வெள்ளி, மாலை 5.38

நான் கோடு எழுதுறவ இல்ல. தேவிகுளம் தாலூக்கால ஒரு தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்துல எல்.பி. (தொடக்க) வகுப்பு எடுக்கேன். உங்க சண்டையில பாதி புரியல, ஆனா லேப்புல நிக்கறது நான்தான், அதனால சொல்றேன்.

1. புரொஜக்டருக்கு எச்டிஎம்ஐ வயரைச் செருகினவுடனே சத்தமும் அது வழியா மேல போயிடும். கூரையில தொங்குற புரொஜக்டருக்குள்ள பட்டாணி சைசுல ஒரு ஸ்பீக்கர் இருக்கும், அதுல கொசு மாதிரி கேக்கும். எல்லாரும் “சாப்ட்வேர் வேலை செய்யல”ன்னு சொல்லிடுவாங்க. சவுண்ட் செட்டிங்ல போயி அவுட்புட்டை மாத்தணும். வர்ற டெமோக்காரங்க ஒருத்தர் கூட இதைப் பாத்துட்டு வர்றதில்ல.

2. இதுதான் முக்கியம். போன வருஷம் ஒருத்தர் இதே மாதிரி ஒண்ணு கொண்டு வந்தாரு. சத்தம் வந்துச்சு. ஆனா ‘அம்மா’ன்னு தொட்டா ‘ம்மா’ன்னு வருது. ‘அணில்’ ‘ணில்’னு வருது. பிள்ளைங்க அதையே திருப்பிச் சொல்லுதுங்க, ‘ணில்’, ‘ணில்’னு. உயிரெழுத்துப் பாடத்துல உயிரெழுத்தையே காணோம். அவரு மெஷின்ல நல்லாத்தான் கேக்குதாம். இது ஏன்னு யாராவது சொல்லுங்க.

3. நானே சொற்களை வாட்ஸ்அப்புல பேசி அனுப்பலாமா? அப்படி அனுப்பினா ‘ஓபஸ்’னு ஏதோ ஒரு ஃபைலா வருதாம், திறக்க மாட்டேங்குதாம்.

---

பழைய_டெல்பி · வெள்ளி, இரவு 8.25

டீச்சர், உங்கள் இரண்டாவது கேள்விக்காகவே இந்த இழையை ஒட்டி வைக்க வேண்டும்.

காரணம் இரண்டில் ஒன்று. பதிவை வெட்டும்போது அலைவடிவத்தைப் பார்த்து மிக நெருக்கமாக வெட்டியிருப்பார். அப்போது ‘அ’வும் சேர்ந்து வெட்டுப்பட்டுவிடும். அடுத்தது, மின்சாரம் மிச்சம் பிடிக்கிற ஏற்பாடு. லேப்டாப்பின் ஒலிச் சில்லு சும்மா இருந்தால் தூங்கிவிடும். வேலை வந்ததும் விழித்து, சோம்பல் முறித்து, வாயைத் திறப்பதற்குள் முதல் எழுத்து போய்விடும். புளூடூத் ஸ்பீக்கர் என்றால் இது இன்னும் மோசம். கதைக்கு இதனால் கெடுதல் இல்லை. இரண்டு விநாடிச் சொல்லுக்குத்தான் தலை போகும்.

அவர் மெஷினில் கேட்டதற்குக் காரணம், அதில் வேறு ஏதோ ஒலி ஓடிக்கொண்டே இருந்திருக்கும், சில்லு தூங்கவே இல்லை.

மருந்து சுலபம். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் கால் விநாடி, அரை விநாடி மௌனம் சேர்த்துவிடலாம். அல்லது ‘தொடங்கு’ அழுத்தியதிலிருந்து ஒரு மௌனக் கோப்பை ஓயாமல் ஓடவிடலாம், சில்லு விழித்தே இருக்கும். நான் இரண்டையும் செய்வேன்.

---

64கே_பைத்தியம் · வெள்ளி, இரவு 8.51

இதோடு ஒன்று சேர்க்கிறேன். எம்பி3க்கே பிறவியில் ஒரு தாமதம் உண்டு. ஒலியை 1,152 மாதிரி கொண்ட சட்டங்களாக வெட்டித்தான் சுருக்கும். லேம் என்ற எம்பி3 என்கோடர் (சுருக்குகிற நிரல்) முன்னால் 576 மாதிரி சேர்க்கும், டீகோடர் தன் பங்குக்கு 529. மொத்தம் 1,105, ஏறக்குறைய 25 மில்லிவிநாடி வெற்றிடம். சொல்லுக்கு இது நல்லதுதான், இலவச மௌனம். ஆனால் பின்னணித் தாளத்தை எம்பி3இல் சுழலவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடறல் கேட்கும். சுழல வேண்டியதை ஆக் கோப்பில் வையுங்கள்.

இன்னொன்று: 600 சொல்லையும் ஒரே நீளக் கோப்பாக்கி, இந்த விநாடியிலிருந்து அந்த விநாடி வரை என்று வாசிக்கவைக்கும் ஆசை வரும். எம்பி3இல் விபிஆர் (பிட்ரேட் மாறிக்கொண்டே இருப்பது) வைத்து அதைச் செய்யாதீர்கள். குதிக்கச் சொன்ன இடத்தில் குதிக்காது, ‘ஆமை’க்குப் பதில் ‘மை, இஞ்சி’ என்று கேட்கும். சிபிஆர் (பிட்ரேட் மாறாதது) வைத்தால் பரவாயில்லை.

---

குப்பம்_தம்பி · வெள்ளி, இரவு 9.30

டீச்சர், வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் ஓபஸ்தான், ஆக் பெட்டிக்குள்ள இருக்கும். உங்க விண்டோஸ்ல பிளேயர் திறக்கலைன்னாலும் அந்த ஃபைலை அப்படியே குரோம்லயோ ஃபயர்ஃபாக்ஸ்லயோ இழுத்துப் போடுங்க, பாடும். பேச்சுக்கு ஓபஸை அடிச்சுக்க ஆளில்லை. 24 கேபிஎஸ் மோனோவே சுத்தமா இருக்கும்.

ஆனா சாப்ட்வேருக்குப் பதிவு பண்றதா இருந்தா மைக் பட்டனை அழுத்திப் பேசி அனுப்பாதீங்க. போன்ல ரெக்கார்டர் ஆப்ல பேசி, அந்த ஃபைலை டாக்குமெண்டா அனுப்புங்க. வாட்ஸ்அப் தன் பங்குக்குக் கசக்காம வரும்.

எல்லைக்கோடு அண்ணா, உங்க 140 நிமிஷத்துக்கு: எம்பி3 64 கேபிஎஸ் வெச்சா 67 எம்பி, ஓபஸ் 24 வெச்சா 25 எம்பி. ரெண்டையும் போட்டாலும் 100 தாண்டாது. ஓபஸ் மொத சோர்ஸ், எம்பி3 ரெண்டாவது. ஆப்பிள் போன்ல ஆக் பெட்டி ரொம்ப நாளா ஓடாம இருந்துச்சு, அவங்களுக்கு எம்பி3.

---

எல்லைக்கோடு · ஞாயிறு, இரவு 10.20

எச்டிஎம்எல்லுக்கு மாத்திட்டேன். 64கே அண்ணன் கோவிச்சுக்காதீங்க, பைத்தான்ல இருந்ததை விட வேலை கம்மி. நேத்து எஸ்ஐடிசி டீச்சர் லேப்பைத் திறந்து விட்டாங்க, யாருமில்லாத நேரத்துல ஒவ்வொரு மெஷினா சோதிச்சேன்.

மொதல்ல சோம்பேறித்தனமா எம்பி3 மட்டும் போட்டுக் கொண்டு போனேன். 18ல 13 பேசுச்சு, 5 ஊமை. அஞ்சும் பழைய மெஷின், ஃபயர்ஃபாக்ஸும் பழசு. வழியெல்லாம் அதே நெனப்புத்தான்: பிரவுசர்னா எல்லாமே உள்ள இருக்கும்னீங்களே?

---

குப்பம்_தம்பி · ஞாயிறு, இரவு 10.41

பதிப்பு எண் பாத்தீங்களா? ஃபயர்ஃபாக்ஸ் சொந்தமா எம்பி3 பிரிக்க ஆரம்பிச்சது 71ல, 2019 டிசம்பர். அதுக்கு முன்னால லினக்ஸ்ல சிஸ்டத்துல இருக்கற கோடெக்கைத்தான் கேக்கும். அது இல்லைன்னா ஊமைதான். ஆனா ஓபஸ் 15ஆம் பதிப்புலேர்ந்து, 2012லேர்ந்து உள்ளயே இருக்கு. அதனாலதான் ரெண்டு சோர்ஸ் சொன்னேன் 🙂

---

பழைய_டெல்பி · ஞாயிறு, இரவு 10.58

ஆக, அந்த ஐந்து கணினியிலும் எம்பி3யைப் பொறுத்தவரை பிரவுசர் தானே ஒரு வெளிப் பிளேயரை நம்பியிருந்தது. தம்பி பைத்தானில் செய்த அதே தப்பு, ஒரு மாடி கீழே.

---

எல்லைக்கோடு · வெள்ளி, இரவு 9.05

ரெண்டாவது டெமோ முடிஞ்சுதுங்க. மானம் பாதிக்கு மேல திரும்பிடுச்சு.

அஞ்சு பழைய மெஷினும் ஓபஸ்ல பேசுச்சு. ஆனா எல்லா மெஷின்லயும் ஒரு 11 சொல் மட்டும் பேசலை. விண்டோஸ்ல பேசுது, லினக்ஸ்ல இல்லை. அரை மணி நேரம் ஓபஸ், எம்பி3, பிட்ரேட்னு எல்லாத்தையும் நோண்டினேன். கடைசில பாத்தா அந்த 11ம் அக்கா வேற போன்ல பதிவு பண்ணினது. கோப்புப் பேர்ல கடைசி மூணு எழுத்தையும் அந்தப் போன் பெரிய எழுத்துல வெச்சிருக்கு. என் பக்கத்துல சின்ன எழுத்து. விண்டோஸுக்கு ரெண்டும் ஒண்ணு, லினக்ஸுக்கு ரெண்டும் வேற ஆளு. பேரை மாத்தினேன், சரியாயிடுச்சு.

டீச்சர் சொன்ன எச்டிஎம்ஐ விஷயத்தைப் போனவுடனே பாத்து மாத்திட்டேன். எச்.எம். முன்னாடி ஒரு நாற்காலி மேல ஏறி நின்னு புரொஜக்டர்ல காதை வெச்சுக் கேட்டது மட்டும்தான் கொஞ்சம் அசிங்கம்.

ஒரு மெஷின் மட்டும் கடைசி வரைக்கும் ஊமை. ஓபஸும் இல்லை, எம்பி3யும் இல்லை, சிஸ்டம் சத்தம் கூட இல்லை. டிரைவர் போச்சுன்னு முடிவே பண்ணிட்டேன். அதே முன்வரிசைப் புள்ளை வந்து வயரைப் புடுங்கி பக்கத்து ஓட்டையில செருகுச்சு. ஸ்பீக்கர் பின்னை யாரோ மைக் ஓட்டையில குத்தி வெச்சிருந்திருக்காங்க.

‘அம்மா’ முழுசா வந்துச்சு டீச்சர். முன்னாடி 300 மில்லிவிநாடி மௌனம், போதாதுக்கு அடியில ஒரு மௌனக் கோப்பும் ஓடிட்டே இருக்கு.

---

64கே_பைத்தியம் · வெள்ளி, இரவு 9.22

மௌனத்தைச் சுருக்கி ஓடவிட்டிருக்கிறீர்கள். எங்கள் போட்டிக்கு அனுப்பலாம்.

---

தேயிலைக்காட்டு_டீச்சர் · வெள்ளி, இரவு 9.47

ரொம்ப சந்தோஷம். எங்க பள்ளிக்கூடத்துக்கும் ஒரு காப்பி வேணும். சொல்பட்டியல் அனுப்பியிருந்தீங்கல்ல, பாத்தேன். ‘தென்னை’, ‘நெல்’, ‘பனை’, ‘பதநீர்’ எல்லாம் உங்க ஊரு. இங்க பிள்ளைங்க பனைமரத்தைப் படத்துலதான் பாத்திருக்குங்க. ‘கொழுந்து’, ‘பனி’, ‘லயம்’ (தோட்டத்துல இருக்கற வரிசை வீடு), ‘கம்பளி’ சேக்கணும். நானே பேசி டாக்குமெண்டா அனுப்பறேன்.

அப்புறம் ‘அட்டை’ன்னு போட்டு புஸ்தக அட்டை படம் வெச்சிருக்கீங்க. எங்க பிள்ளைங்க அதைப் பாத்து சிரிக்கும். இங்க அட்டைன்னா கால்ல ஏறி ரத்தம் குடிக்கறது.

---

எல்லைக்கோடு · வெள்ளி, இரவு 9.58

ரெண்டு படமும் வெச்சிடறேனுங்க டீச்சர். சத்தம் ஒண்ணுதான், கோப்பு ஒண்ணு போதும். ஆனா அந்த அட்டை போட்டோ எங்கிட்ட இல்லை, நீங்கதான் எடுத்து அனுப்பணும்.

---

தேயிலைக்காட்டு_டீச்சர் · வெள்ளி, இரவு 10.03

மழை வரட்டும், அனுப்பறேன். கால் மட்டும் யாரோடதுன்னு கேக்காதீங்க.